மிட்டாய் டப்பாவும் மாவு மூட்டையும்

ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு குட்டி வட்டம். நடுவில் ஒரு செவ்வகம். அதன் ஒரு பக்கம் கதவு மாதிரி திறந்து மூடும். 1944இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இவ்வளவை மட்டும் வைத்து ஒரு படம் தயாரித்து, அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். வசனம் கிடையாது. இசை கிடையாது. கண், மூக்கு, வாய் எதுவும் கிடையாது. படம் முடிந்ததும் பார்த்ததை எழுதச் சொன்னார்கள். முதல் குழுவில் இருந்த 34 பேரில் ஒரே ஒருவர்தான் முக்கோணம் இப்படி நகர்ந்தது, வட்டம் அப்படிப் போனது என்று கணக்குப் பாடம் போல எழுதினார். மற்றவர்கள் உயிருள்ளவர்களின் கதையை எழுதினார்கள். பெரிய முக்கோணம் முரடன். சின்னது துணிச்சல்காரன். வட்டம், பயந்துபோய் ஒளிந்துகொள்ளும் பெண். (நம் ஊர் சினிமாவின் பாதிக் கதை இதிலேயே வந்துவிட்டது என்பது வேறு விஷயம்.)

"பொம்மைப் படம்தானே, அதுக்குப் போய் அழறியே?" என்று வீட்டில் கேட்பவர்களுக்கு இந்தப் பழைய ஆய்வு பாதிப் பதில். உயிர் இருப்பதாக நம்ப நமக்கு முகம்கூட வேண்டாம். அசைவில் ஒரு நோக்கம் தெரிந்தால் போதும். மீதிப் பாதிதான் சிக்கல். முக்கோணத்தை முரடன் என்று நம்புவது வேறு, அதற்காகத் தொண்டை அடைத்துப்போவது வேறு. நம்புவதிலிருந்து உருகுவதற்குப் பார்வையாளரை எது கொண்டுபோகிறது?

டிஸ்னி அனிமேட்டர்களின் பயிற்சி ஒன்றைச் சொன்னால் கொஞ்சம் பிடிபடும். பாதி நிரம்பிய மாவு மூட்டை ஒன்றை வரைய வேண்டும். அதற்குக் கை, கால், தலை இல்லை. நான்கு முனைகளும் உள்ளே சரியும் மாவும்தான். அந்த மூட்டை சந்தோஷமாக இருக்க வேண்டும். அடுத்த தாளில் கோபப்பட வேண்டும். அதற்கடுத்த தாளில் அவமானப்பட்டுத் தலைகுனிய வேண்டும், தலையே இல்லாமல். வால்ட் டிஸ்னியின் மூத்த அனிமேட்டர்களான ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் எழுதிய பெரிய நூலில் இந்த மூட்டைக்குத் தனி இடம் உண்டு. இதில் தேறியவருக்குப் பிறகு மனிதனை வரைவது அவ்வளவு கஷ்டமில்லை. சோகம் முகத்தில் வருவதற்கு முன்னால் எடையில் வந்துவிடுகிறது என்பது அவர் கைக்குத் தெரிந்திருக்கும். தோள் எந்த நேரத்தில் தொய்கிறது, மாவு எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதில் இருக்கிறது விஷயம்.

1986இல் பிக்ஸாரின் ஜான் லாசெட்டர் இரண்டு மேஜை விளக்குகளை வைத்து, ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்கு 'லக்ஸோ ஜூனியர்' என்ற படம் எடுத்தார். கணினி வரைகலை வல்லுநர்கள் கூடிய மாநாட்டில் அதைத் திரையிட்டார்கள். முடிந்ததும் அந்தத் துறையில் பெரிய பெயரான ஜிம் பிளின் எழுந்து வந்தார். நிழல் விழும் கணக்கைப் பற்றி ஏதோ கேட்கப் போகிறார் என்று லாசெட்டர் நடுங்கிக்கொண்டு நின்றார். பிளின் கேட்டதோ, "அந்தப் பெரிய விளக்கு அம்மாவா, அப்பாவா?"

அசையாமல் நின்ற குள்ளர்கள்

1937 டிசம்பர் 21. லாஸ் ஏஞ்சலிஸின் கார்த்தே சர்க்கிள் திரையரங்கில் 'ஸ்னோ ஒயிட்' முதல் காட்சி. ஏறக்குறைய 15 லட்சம் டாலரைக் கொட்டி முழுநீளக் கார்ட்டூன் எடுத்திருந்தார் வால்ட் டிஸ்னி. ஹாலிவுட்டில் அதற்கு வைத்திருந்த பட்டப்பெயரே 'டிஸ்னியின் பைத்தியக்காரத்தனம்'. ஏழு நிமிடக் கார்ட்டூனுக்குச் சிரிப்பார்கள், சரி. ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து, வரைந்து வைத்த ஒரு பெண்ணுக்காக யார் கவலைப்படுவார்கள் என்பது ஊரின் கேள்வி.

அன்றிரவு அரங்கம் அழுதது. அழவைத்தது, ஸ்னோ ஒயிட்டின் உடலைச் சுற்றிக் குள்ளர்கள் நிற்கும் காட்சி. அதை அனிமேட் செய்தவர் அதே ஃபிராங்க் தாமஸ், அப்போது 25 வயது இளைஞர். அந்தக் காட்சியைத் திரும்பப் பார்த்தால் வியப்பாக இருக்கும். யாரும் ஒன்றும் செய்வதில்லை. படம் முழுக்க இடறி விழுந்து, மோதி, தும்மிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நிற்கிறார்கள். ஒரு கண்ணீர்த்துளி கன்னத்தில் இறங்குகிறது. எப்போதும் எரிந்து விழும் குள்ளன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உடைகிறான். நடிகர் சும்மா நின்றாலும் மூச்சு தெரியும், இமை துடிக்கும். வரைந்த உருவம் சும்மா நின்றால் வெறும் படமாகச் செத்துவிடும். அந்த ஆபத்தின் விளிம்பில் ஒரு இளைஞர் தைரியமாக நின்றார். அதுவரை கார்ட்டூன் என்றாலே ஓயாத ஓட்டம் என்று பழகியிருந்த கூட்டத்துக்கு அந்த நிறுத்தமே சாவு வீட்டு அமைதியாக வந்து விழுந்தது.

இதற்கு நேர் எதிரான பாடம் 2019இல் கிடைத்தது. 1994இல் வரைந்த 'தி லயன் கிங்' படத்தை, நிஜச் சிங்கம் போலவே தோன்றும்படி கணினியில் மறுபடி செய்தார்கள். தமிழில் சித்தார்த், அரவிந்த்சாமி, ரோபோ சங்கர், சிங்கம்புலி எல்லோரும் குரல் கொடுத்தார்கள். குரலில் குறையே இல்லை. ஆனால் முஃபாசா இறக்கும் இடத்தில் பழைய படம் கொடுத்த அடி இதில் விழவில்லை. பழைய சிம்பா அப்பாவின் காதைப் பிடித்து இழுக்கிறான். எழுந்திருக்கவில்லை என்றானதும் அந்தக் கனத்த கைக்கு அடியில் தானே நுழைந்து படுத்துக்கொள்கிறான். அவன் புருவம், உதடு, காது மூன்றும் சேர்ந்து நடிக்கின்றன. புதிய சிம்பாவுக்கு நிஜச் சிங்கக்குட்டியின் முகம். நிஜச் சிங்கக்குட்டிக்கு அழத் தெரியாது. ஒவ்வொரு முடியையும் தனித்தனியாகக் காட்டிய தொழில்நுட்பம், வேண்டிய ஒரு புருவத்தைக் கொடுக்கவில்லை.

நமக்கு இந்த அனுபவம் முன்பே உண்டு. 2014இல் வந்த 'கோச்சடையான்', நடிகர்களின் அசைவைப் பதிவு செய்து அதன்மேல் உருவத்தைப் போர்த்தும் முறையில் எடுத்த படம். ரஜினிகாந்த் இருந்தார், 2009இல் மறைந்த நாகேஷைக்கூடத் திரைக்குக் கொண்டுவந்தார்கள். துணிச்சலான முயற்சி, சந்தேகமில்லை. ஆனால் ரஜினியின் முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும் நமக்குத் தெரியும். அதில் நூலளவு பிசகினாலும் மனம் விலகிக்கொள்கிறது. மனித உருவத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து, முழுமையாக வராமல் நிற்பது நமக்கு ஒருவித அசௌகரியம் தரும் என்று ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசஹிரோ மோரி 1970லேயே எழுதிவிட்டார். இரண்டு புள்ளியும் ஒரு வளைகோடும் வைத்தால் மீதி முகத்தை நாமே போட்டுக்கொள்கிறோம். எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்துவிட்டால் நமக்கு அங்கே வேலை இல்லை. குற்றம் கண்டுபிடிக்கும் வேலை மட்டும்தான் மிஞ்சும்.

செட்சுகோ

இனி ஒரு படத்தை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஜப்பானின் ஜிப்லி ஸ்டுடியோவில் இசாவோ தகஹாதா இயக்கிய 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்', 1988. இரண்டாம் உலகப் போரின் கடைசி மாதங்கள். கோபே நகரில் குண்டு வீச்சில் தாயை இழந்த செய்டா என்ற பையனும் அவன் நான்கு வயதுத் தங்கை செட்சுகோவும் உறவினர் வீட்டில் வேண்டாதவர்களாகி, குளக்கரையில் ஒரு பதுங்குகுழியில் குடியேறுகிறார்கள். (ஈழத்தில் பதுங்குகுழிகளில் இரவைக் கழித்தவர்களுக்கு இந்த இடம் அந்நியமாக இராது.) முடிவை ஒளித்துவைத்து நம்மைப் பதறவைக்கும் வேலையே இல்லை. செய்டா ரயில் நிலையத்தில் பட்டினியால் சாவதில்தான் படம் தொடங்குகிறது. அவன் கையிலிருந்த பழைய மிட்டாய் டப்பாவை ஒரு துப்புரவுப் பணியாளர் இருட்டில் தூக்கி எறிகிறார். மூடி திறந்து சின்ன எலும்புகள் உருள்கின்றன. இரண்டு பேரும் பிழைக்கப் போவதில்லை என்று தெரிந்தபிறகுதான் கதையே ஆரம்பம்.

அதனால் 'என்ன நடக்கும்' என்ற கேள்வி விலகிவிடுகிறது. நாம் குழந்தையைப் பார்க்கத் தொடங்குகிறோம். தகஹாதாவுக்கு வேண்டியதும் அதுதான். செட்சுகோ வாயில் ஒரு மிட்டாய் விழுந்ததும் முகம் மலர்வது, அழும்போது உடம்பை முறுக்கிக்கொள்வது, கோபம் வந்தால் குந்தி உட்கார்ந்து தரையைக் கிளறுவது என்று நான்கு வயதின் இலக்கணம் முழுக்க அதில் இருக்கிறது. டப்பா காலியான நாளில் அண்ணன் அதில் தண்ணீர் ஊற்றி, குலுக்கி, தங்கைக்குக் குடிக்கக் கொடுக்கிறான். அவள் குடித்துவிட்டு, திராட்சை, ஸ்ட்ராபெரி என்று ஒவ்வொரு சுவையாகப் பெயர் சொல்கிறாள். இரக்கம் தூண்டும் இசை எதுவும் தேவைப்படாத இடம். பிற்பாடு, பசியில் சுயநினைவு மங்கிய நிலையில், விளையாட்டுக் கண்ணாடிக் கோலியை வாயில் போட்டு மிட்டாய் என்று சப்பிக்கொண்டிருப்பாள். மண்ணை உருட்டி வைத்து, அண்ணா சாப்பிடு என்று உபசரிப்பாள். முதலில் பார்த்த சந்தோஷத்தின் ஒவ்வொரு அசைவும் இங்கே தேய்ந்துபோய்த் திரும்பி வருகிறது.

இதையே ஒரு குழந்தை நட்சத்திரத்தை வைத்து எடுத்திருந்தால்? எவ்வளவு நன்றாக நடித்தாலும், 'கட்' சொன்னதும் அம்மா ஓடிவந்து பிஸ்கட் கொடுத்திருப்பார் என்று மனதின் ஒரு மூலை ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கும். நடிகர் திரையில் செத்தாலும் அடுத்த தீபாவளிக்கு இன்னொரு படத்தில் வருவார். செட்சுகோவுக்கு அடுத்த படம் கிடையாது, பேட்டி கிடையாது, வளர்ந்து பெரியவளான புகைப்படமும் கிடையாது. அவளுக்கு இருந்தது இந்த ஒன்றரை மணி நேரம் மட்டும்தான். வரைந்த உருவம் என்பதால் நமக்குக் கவசம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போகிறோம். உண்மையில் கவசம் இல்லாதது இங்கேதான்.

அவள் குரல் நிஜக் குழந்தையுடையது. ஐந்து வயதையொட்டிய சிறுமியின் பேச்சை முதலில் பதிவு செய்துகொண்டு, அதற்கு ஏற்ப வரைந்தார்கள். ஜப்பானில் வழக்கம் இதற்கு நேர்மாறு. உருவங்களின் வெளிக்கோட்டைக் கறுப்பில் போடாமல் பழுப்பில் போட்டார்கள். கோடு மென்மையாகி, ஆட்கள் பின்னணியிலிருந்து வெட்டி ஒட்டியது போல இல்லாமல் அந்த ஊரின் காற்றிலேயே நிற்கிறார்கள். இதையெல்லாம் யாரும் படம் பார்க்கும்போது கவனிப்பதில்லை.

படத்துக்குப் பின்னால் இரண்டு பேருடைய சொந்தக் காயம் இருக்கிறது. மூலக்கதையை 1967இல் எழுதியவர் அகியுகி நொசாகா. போர்க் காலத்தில் அவருடைய வளர்ப்புத் தங்கை ஊட்டமில்லாமல் இறந்துபோனாள். கதையில் வரும் அண்ணன் அளவுக்குத் தான் நல்லவனாக இருக்கவில்லை, அவளுக்குச் சேர வேண்டியதைத் தானே தின்றிருக்கிறேன் என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். தகஹாதாவோ, 1945 ஜூனில் ஒகயாமா நகரம் எரிந்தபோது ஒன்பது வயதில் குடும்பத்தைப் பிரிந்து, சகோதரி ஒருத்தியுடன் நெருப்புக்கு நடுவே ஓடியவர். இந்தப் படத்தைப் போர் எதிர்ப்புப் படம் என்று மட்டும் சுருக்குவதை அவர் ஏற்கவில்லை. ஊரோடு ஒட்டாமல் தனியே வாழ்ந்துவிடலாம் என்று நினைத்த இரண்டு பிள்ளைகளின் தோல்வியையும் பார்க்கச் சொன்னார். எனக்கு அந்த விளக்கம் பாதிதான் சம்மதம். ஆனால் கண்ணீரோடு எழுந்து போய்விடாதீர்கள், யோசியுங்கள் என்று பார்வையாளரைப் பிடித்து நிறுத்திய இயக்குநர் என்பதால் மரியாதை கூடுகிறது.

இந்தப் படம் வெளியான அன்று அதனுடன் இரட்டைப் படமாகச் சேர்த்துத் திரையிட்டது, அதே ஜிப்லியின் இன்னொரு இயக்குநரான மியாசாகியின் 'மை நெய்பர் டொட்டோரோ'வை. ஒரே டிக்கெட்டில் இரண்டும். எந்த வரிசையில் பார்த்துவிட்டு அந்தக் குழந்தைகள் வீடு திரும்பினார்களோ!

நான்கரை நிமிடத்துக்கும் குறைவாக

அமெரிக்கர்களின் கெட்டிக்காரத்தனம் வேறு வகை. 2009இல் பீட் டாக்டர் இயக்கிய 'அப்' படத்தின் தொடக்கத்தில், கார்ல்-எல்லி தம்பதியின் கல்யாணம் முதல் அவள் மரணம் வரை நான்கரை நிமிடத்துக்கும் குறைவாக, ஒரு வசனம்கூட இல்லாமல் ஓடும். கார்லை முழுக்கச் சதுரமாகவும் எல்லியை வளைவுகளாகவும் வடிவமைத்தார்கள். அவள் போன பிறகு அந்த வீட்டில் சதுரம் தனியாக நிற்கிறது. மைக்கேல் கியாச்சினோவின் மெட்டு ஒன்றுதான். கல்யாணத்தில் துள்ளலாகத் தொடங்கி, வயதாக ஆகத் தளர்ந்து, கடைசியில் ஒற்றைப் பியானோவாக மிஞ்சும். அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஊருக்குப் போகச் சேர்த்த உண்டியல் காசு ஒருமுறை டயருக்கும், ஒருமுறை உடைந்த காலுக்கும், ஒருமுறை கூரைக்கும் போகிறதே, அந்த உண்டியலை வைத்திருக்காத நடுத்தரக் குடும்பம் எந்த நாட்டில் இருக்கிறது?

ஆனாலும் என் ஓட்டு அதே இயக்குநரின் 'இன்சைட் அவுட்' (2015) படத்தில் வரும் ஒரு சின்ன இடத்துக்குத்தான். சிறுமி மறந்துபோன கற்பனைத் தோழன் பிங் பாங், தன் தள்ளுவண்டி பள்ளத்தில் விழுந்துவிட்டதே என்று உட்கார்ந்து அழுகிறான். மகிழ்ச்சி என்ற பாத்திரம் வேடிக்கை காட்டி எழுப்பப் பார்க்கிறது, நடக்கவில்லை. துக்கம் என்ற பாத்திரம் பக்கத்தில் வந்து உட்காருகிறது. உனக்குப் பிடித்ததைக் கொண்டுபோய்விட்டார்களே என்று மட்டும் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அவன் அதைக் கட்டிக்கொண்டு அழுது தீர்த்து எழுந்துவிடுகிறான். துக்க வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வரும் வழக்கம் உள்ள நமக்கு இது புதிதில்லை. ஆனால் நீல நிறத்தில் கண்ணாடி போட்ட ஒரு குண்டுப் பொம்மையை வைத்து அதைச் சொல்லியிருக்கிறார்கள்.

எல்லாக் கண்ணீரும் நேர்மையானது என்று சொல்லவில்லை. அம்மாவைக் கொன்றால் அழுவார்கள் என்பது இந்தத் தொழிலில் பழைய சூத்திரம். 1942இல் 'பாம்பி' படத்தில் மான்குட்டியின் அம்மாவைத் துப்பாக்கிச் சத்தத்தோடு அனுப்பிவிட்டு, பனியில் குட்டி தேடும் ஒரே காட்சிக்குப் பிறகு வசந்தகாலப் பாட்டுக்குத் தாவிவிட்டார்கள். அம்மா விழுவதைத் திரையில் காட்டவே இல்லை. பார்த்ததாகச் சத்தியம் செய்பவர்கள் இன்றும் உண்டு. அதற்குப் பின் வந்தவர்கள் பலரும் அம்மாவைக் கொன்றார்கள், அந்தப் பனியை விட்டுவிட்டார்கள்.

முகம் காட்ட முடியாதவர்கள்

கோட்டோவியத்துக்கு இன்னொரு பலம் இருப்பதைச் சமீப ஆண்டுகளின் ஆவணப் படங்கள் காட்டின. 2021இல் டென்மார்க்கிலிருந்து வந்த 'ஃபிளீ', ஆப்கானிஸ்தானிலிருந்து தப்பி வந்த ஒருவரின் நிஜ வாக்குமூலம். குரல் அவருடையது, பெயரும் முகமும் வேறு. கேமரா முன்னால் அவர் சொல்லியிருக்க முடியாத கதையை வரைந்த முகத்துக்குப் பின்னால் இருந்து சொன்னார். பயம் அதிகமாகும் இடங்களில் படம் வண்ணத்தை இழந்து, கரி கொண்டு கிறுக்கியது போல ஆகிவிடுகிறது. நினைவு அப்படித்தானே இருக்கும்? இஸ்ரேலின் ஆரி ஃபோல்மன் 2008இல் எடுத்த 'வால்ட்ஸ் வித் பஷீர்' படமோ, முழுக்க அனிமேஷனாகப் போய்க் கடைசி நிமிடத்தில் பெய்ரூத் படுகொலையின் நிஜப் பதிவுக்கு மாறும். அதுவரை கோடுகள் நம்மை எவ்வளவு தூரத்தில் வைத்திருந்தன என்பது அப்போதுதான் உறைக்கும்.

உணர்ச்சிக்கு ஏற்பக் கோடே மாறும் வித்தையைத் தகஹாதாவே தன் கடைசிப் படமான 'இளவரசி ககுயா'வில் (2013) செய்துகாட்டினார். அவமானம் தாங்காமல் ககுயா மாளிகையை விட்டு ஓடும் இடத்தில், அதுவரை மென்மையான நீர்வண்ணமாக இருந்த படம் சீறுகிறது. கோடுகள் பிய்ந்து, தடித்து, கிறுக்கலாகின்றன. அங்கே கோபப்படுவது அந்தப் பெண் மட்டுமல்ல, அவளை வரையும் பென்சிலும்தான்.

இவ்வளவுக்கும் கோடிக்கணக்கில் பணம் வேண்டும் என்பதில்லை. லாத்வியா என்ற சின்ன நாட்டிலிருந்து கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் எடுத்த 'ஃப்ளோ', யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய பிளெண்டர் மென்பொருளில் உருவானது; 2025இல் பெரிய ஸ்டுடியோக்களை முந்தி ஆஸ்கர் வாங்கியது. வெள்ளத்தில் மாட்டிய ஒரு கறுப்புப் பூனையும் இன்னும் சில விலங்குகளும் ஒரே படகில் போகும் கதை. யாரும் பேசுவதில்லை. பூனை பூனையாகவே இருக்கிறது. குரல்களெல்லாம் நிஜ விலங்குகளுடையவை. கேப்பிபாரா என்ற விலங்கின் நிஜக் குரல் கீச்சென்று இருந்ததால் ஒட்டகக் குட்டியின் குரலைப் போட்டார்கள். முகத்தைச் சுளிக்காத அந்தப் பூனைக்காக ஏன் பதறுகிறோம் என்றால், தண்ணீரில் கால் வைக்கத் தயங்கும் அந்த அரை நொடி அப்படியே நம் வீட்டுப் பூனை.

நம் ஊரில் அனிமேஷன் இனிமேல் குழந்தைகள் சமாச்சாரம் மட்டும் இல்லை. 2007இல் சுட்டி டிவி தொடங்கியபோது பள்ளிப் பையை வீசிவிட்டு அதன் முன் உட்கார்ந்தவர்கள் இப்போது வேலைக்குப் போகிறார்கள். 2025இல் ஜப்பானிய அனிமேஷன் படமான 'டீமன் ஸ்லேயர்' தமிழ் பேசி வந்தபோது அவர்கள்தான் தியேட்டரில் இருந்தார்கள். அதே ஆண்டு 'மகாவதார் நரசிம்மா' என்ற அனிமேஷன் படம் உலகெங்கும் 300 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்தது. அதில் பக்திக்கு எவ்வளவு பங்கு, படத்துக்கு எவ்வளவு என்று பிரிப்பது என் வேலை அல்ல.

2025இல் வேறொன்றும் நடந்தது. குடும்பப் புகைப்படத்தைப் போட்டால் ஒரு நிமிடத்தில் ஜிப்லி பாணிப் படமாக மாற்றித் தரும் செயற்கை நுண்ணறிவு வசதி வந்து, வாட்ஸ்அப் முழுக்க எல்லோருக்கும் அகன்ற கண்ணும் ரோஜாக் கன்னமும் முளைத்தன. அழகாகத்தான் இருந்தன. ஆனால் கல்யாண ஆல்பத்தில் சித்தப்பா ஓரமாகத் தோளைச் சாய்த்துக்கொண்டு நிற்பாரே, அந்தச் சாய்வு மட்டும் நேராகிவிட்டிருந்தது. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 2016இல், இளம் தொழில்நுட்பக் குழு ஒன்று கணினி தானாகக் கற்றுக்கொண்ட ஒரு கோரமான நடையை மியாசாகிக்குப் போட்டுக் காட்டியது. தலையைக் காலாக ஊன்றி நகரும் உருவம். பேய்ப் படத்துக்கு உதவும் என்றார்கள். மியாசாகிக்கு நினைவு வந்ததோ, உடல் விறைத்து, கையைத் தூக்கித் தட்டக்கூடச் சிரமப்படும் தன் நண்பர். வலி என்றால் என்னவென்று தெரியாதவர்கள் செய்தது இது என்று முகத்துக்கு நேராகவே கடிந்துகொண்டார். தொழில்நுட்பத்தின் மேல் பொத்தாம்பொதுவான வெறுப்பு என்று இதைச் சிலர் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு அசைவைப் பார்த்ததும், அப்படி அசையும் ஒரு மனிதர் அவருக்கு ஞாபகம் வருகிறார். காட்டியவர்களுக்கு அப்படி யாரும் ஞாபகம் வரவில்லை.

மியாசாகியின் 'தி விண்ட் ரைசஸ்' (2013) படத்தில், பெரிய பூகம்பத்தை ஒட்டிக் கூட்டம் நெருக்கியடித்து நகரும் ஒரு ஷாட் உண்டு. மூட்டை தூக்குபவர், வண்டி இழுப்பவர், திரும்பிப் பார்ப்பவர் என்று ஒவ்வொருவரும் வேறு வேகத்தில், வேறு கவலையில் போகிறார்கள். அதைக் கையால் வரைந்தவர் எய்ஜி யமமோரி. ஷாட்டின் நீளம் நான்கு நொடி; வரைய ஆனது ஒரு வருஷமும் மூன்று மாதமும். முடிந்ததும் மியாசாகி பாராட்டினார். இவ்வளவு குட்டியாக இருக்கிறதே என்றார் யமமோரி. தியேட்டரில் அது ஓடி முடிவதற்குள் நாம் இரண்டு பாப்கார்ன் எடுத்து வாயில் போட்டிருப்போம்.